எந்தக்கால் மேஸ்திரியின் மான்

பாலாற்றங்கரை நெடுக எல்லோரும் ஆட்டிலிருந்து தோலை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தோலுக்குள் ஆட்டைத் திரும்பப் போட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த ஒரே மனிதர் எங்கள் எந்தக்கால் மேஸ்திரி. வட ஆற்காடு ஜில்லாவில் என்ன, இந்த ராஜதானியிலேயே அப்படி இன்னொருவர் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து தோல் வியாபாரத்தையே படுக்க வைத்திருப்பார்கள்.

இவர் ஞாபகம் வரக் காரணம் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர்தான். கலைஞர்களின் சிறு வயது விளையாட்டுகளும் ஆசைகளும் பிற்காலத்தில் அவர்களை எப்படி உருவாக்குகின்றன என்று நாலு பக்கம் எழுதச் சொன்னார். "உங்களையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாமே" என்றும் சொன்னார். சிறு வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை மத்தியானத் தூக்கம். அதிலிருந்துதான் நான் எழுத்தாளன் ஆனேன் என்று எழுதினால் என் வாசகர்கள் உடனே நம்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் மேஸ்திரியைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ரைட்டர். பட்டணத்துக்கும் சீமைக்கும் இங்கிலீஷில் கடிதம் எழுதுவது, கட்டுகளின் மேல் சீட்டு ஒட்டுவது என் வேலை. பதப்படுத்திய தோல்களை மேஜையில் விரித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிசல் என்று பிரித்துப் போடுவது மேஸ்திரியின் வேலை. ஒடிசலான ஆள். நடக்கும்போது எதையோ தொலைத்தவர் போலத் தரையைப் பார்த்து நடப்பார். யாரையாவது கண்டால் முகத்தைப் பார்க்க மாட்டார், முட்டியைப் பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் பெயரைக்கூடக் கேட்காமல் அவர் கேட்டது இதுதான் (எங்கள் பக்கத்தில் 'சொல்ல' என்றால் 'போது'):

"ரைட்டரே, ஆடு உக்கார்ற சொல்ல எந்தக் கால மொதல்ல மடக்கும்?"

"நாலையும்தான் மடக்கும்" என்றேன்.

"நாலையும் ஒண்ணா மடக்குனா அது உக்கார்றது இல்ல, வுழுறது" என்று சொல்லிவிட்டு, இவனெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்ற பார்வையோடு போய்விட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரிந்த விஷயம். தபால்காரரிடம் கேட்டார். கோயில் குருக்களிடம் கேட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் இடுக்கியோடு டாக்டரிடம் கேட்டார். ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்காரப் போன சம்பந்தியை நடுவில் நிறுத்திக் கேட்டதில் பெரிய மனஸ்தாபமாகிவிட்டது. இத்தனைக்கும் எங்கள் ஊரில் மனிதர்களைவிட ஆடுகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஆட்டுக்காலை எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் ஊரே ஒரே குரலில் சொல்லியிருக்கும்.

இந்தப் பைத்தியம் அவரை எட்டு வயதில் பிடித்ததாம். அப்பா, தோலை ஊறப் போட்டு மயிர் உதிர்க்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். மற்றப் பிள்ளைகள் கோலி விளையாடும்போது இவர் சந்தைக்கு வரும் ஆடுகளின் பின்னாலேயே போய், அவை எழுந்திருப்பதையும் உட்காருவதையும் அசை போடுவதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு நாள், மயிர் உதிர்க்காத கழிசல் ஆட்டுத்தோல் ஒன்று கிடைத்தது. அதற்குள் மூங்கில் குச்சியைக் கொடுத்து, ஆவாரம்பட்டைத் தூளை அடைத்து, தைத்து, நாலு காலில் நிறுத்திவிட்டார். செய்தால் மட்டும் போதுமா? நாலு பேர் பார்க்க வேண்டாமா? அதிகம் பேர் வருகிற இடம் எது என்று யோசித்து, தண்டவாளத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பாசஞ்சர் வண்டி வந்தது. ஊதிற்று. ஆடு அசையவில்லை. இன்னும் பெரிதாக ஊதிற்று. ஆடு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் வண்டி நின்று, டிரைவர் இறங்கி வந்து "ஹை, ஹை" என்று விரட்டிப் பார்த்து, பிறகு காதைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். தூக்கிய பிறகு அவர் பேசியதைப் பத்திரிகையில் போட முடியாது.

அன்றைக்கு அப்பா அவரைத் தோல் காயப் போடும் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார். அடி வாங்கிக்கொண்டே பையன் கேட்டானாம்: "டிரைவர் நெஜ ஆடுன்னே நம்பிட்டாரு, இல்லப்பா?" அதற்கு இன்னும் நாலு அடி விழுந்தது. பிறகு அப்பா ஆட்டைத் தூக்கிப் பார்த்தார். தைத்த இடத்தில் தோல் விட்டுப்போயிருந்தது. "வண்டிய நிறுத்துனது கெடக்கட்டும். தோல பதம் பண்ணாமயேடா தச்சிருக்கே?" என்று மறுபடியும் இரண்டு போட்டார். போட்டுவிட்டு, அந்தத் தோலைப் பிரித்துத் தானே உட்கார்ந்து ஒழுங்காகப் பதம் செய்து கொடுத்தாராம். "பின்னால வாங்குன ரெண்டு அடிதான் ரைட்டரே எனக்குப் படிப்பு" என்பார் மேஸ்திரி.

பெரியவரான பிறகும் அந்த ஆசை குறையவில்லை. தரம் பிரிக்கும் மேஜையில் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு ஜீவிய சரித்திரம் சொல்வார். "இத்தப் பாருங்க, முட்டியில தேஞ்சிருக்கு. சோம்பேறி ஆடு. எப்பவும் உக்காந்தேதான் இருந்திருக்கு." "இது சண்டைக்காரி. தோள்ல கொம்புக் குத்து." பட்டணத்திலிருந்து சரக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் இதை ரசித்துக் கேட்டார். நான் பயந்துகொண்டே மொழிபெயர்த்தேன். சரித்திரம் முடிந்ததும் மேஸ்திரி, "துரைய ஒண்ணு கேளுங்க. ஆடு உக்கார்ற சொல்ல எந்தக் கால்?" என்றார். வேறு வழியில்லாமல் கேட்டேன். துரை தொப்பியைக் கழற்றி யோசித்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி, எது சௌகரியம் என்று தாமே பரீட்சை செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி சாயபு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யா அல்லா! ரைட்டர், துரை இன்னாத்துக்கு நாலு கால்ல நிக்கிறாரு?"

"சரக்குப் பார்க்கிறார் சாயபு" என்றேன்.

துரை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முன்னங்காலா பின்னங்காலா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டதற்கு மேல் ஜாஸ்தியாகவே சரக்கு எடுத்துக்கொண்டு போனார். அதனால்தான் சாயபு மேஸ்திரியை வேலையை விட்டு நீக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே எங்கள் ஊர் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதல் வாரம் சோறு இறங்காது. இரண்டாவது வாரம் இறங்கும். ஒரு வருஷம் ஆனால் மூக்கு என்பது கண்ணாடி மாட்டுவதற்காகவும் ஜலதோஷம் பிடிப்பதற்காகவும் மட்டும் முகத்தில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் ரயிலில் எங்கள் ஊரைத் தாண்டும்போது ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்து, "இன்னாத்துக்குச் சாத்துறாங்க? கரித்தூள் அடிக்குது போல" என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மேஸ்திரியின் மனைவி பச்சையம்மா எங்கள் ஊர்க்காரி இல்லை. குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்துப் பெண். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் குரல் கொஞ்சம் எட்டிப் போகும். கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் அந்த ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளுக்குப் பதிலாக ஒரு கரடி, ஒரு கழுகு, ஒரு நரி, முக்கால்வாசிக் கழுதை ஆகியவை சேர்ந்திருந்தன. ரயிலை நிறுத்திய ஆடு மூலையில் நின்றது. கரடியின் இரண்டு கைகளில் துணி காயும். கழுதைக்குத் தலை இல்லாததால் அந்த வழியாகப் புளி போட்டு வைத்திருந்தாள். ஆட்டையும் கழுதையையும் தவிர மற்றவை உள்ளூர் நாடகங்களுக்கு அவர் இனாமாகச் செய்து கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்தவை.

ஒரு நாள் நான் போனபோது பச்சையம்மா என்னை நியாயம் கேட்டாள்.

"ரைட்டரய்யா, நீங்களே சொல்லுங்க. என் தங்கச்சி வூட்டுக்காரரு வந்தாரு. பாய் போட எடமில்ல. கரடி பக்கத்துல படுத்தாரு. காலையில கண்ணத் தொறந்து பாத்தவரு, சாப்புடாமகூட ஊருக்குப் போய்ட்டாரு!"

"கரடி அவர இன்னா பண்ணுச்சு?" என்றார் மேஸ்திரி.

"பாருங்க! அந்த மனுசன் பக்கம் பேசுறாரா, கரடி பக்கம் பேசுறாரா?"

நிஜமாகவே பொறுமை போய்விட்டது அவளுக்கு. அந்தச் சமயத்தில்தான் வேலூரில் ஒரு பெரிய நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு நான் இரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, இரண்டையும் அவர்கள் பாடாமல் விட்டதில், கான்ட்ராக்டர் நாயுடுவோடு எனக்குப் பழக்கம். அவர்கள் நாடகத்தில் ராணி ஒருத்தி காட்டுக்குத் துரத்தப்பட்டு, ஒரு மானிடம் தன் கஷ்டத்தைப் பாடி அழுவாள். மான் என்று அட்டையில் வெட்டிச் சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது வரும்போதே ஜனங்கள் சிரித்ததால் ராணியின் அழுகை எடுபடவில்லை. நிஜ மான் மாதிரி ஒன்று செய்து தருகிறவனைக் கம்பெனியிலேயே சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாக நாயுடு என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன்.

பச்சையம்மா கேட்டுவிட்டுக் கரண்டியை நீட்டினாள்.

"இதான் கடைசி. அந்த மானு ஆட்டத்துல நின்னு இவருக்கு வேல கெடச்சா, நான் இதுங்களோட மூட்ட கட்டிகினு கூடவே வர்றேன். கெடைக்கலியா, அத்தனையும் அடுப்புல வெப்பேன். அப்புறம் ஆடு, காலுன்னு இந்த வூட்ல பேச்சே இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

மேஸ்திரி கொஞ்ச நேரம் எல்லா மிருகங்களையும் பார்த்தார். பிறகு கரடியின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் வாக்குத் தவறாதவர் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒன்றரை மாதம் ராப்பகலாக உழைத்தார். வெள்ளாட்டுத் தோல்களை ஒட்டுத் தெரியாமல் சேர்த்து, மேலே ஜரிகைக் காகிதப் புள்ளி வைத்தார். ஒவ்வொரு மூட்டிலும் தோல் வார் வைத்து, மேலே பரணிலிருந்து கறுப்புக் கயிறுகளால் இயக்குகிற மாதிரி செய்தார். மான் நடந்தது, தலையைத் திருப்பிற்று, காதை ஆட்டிற்று. இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ராணி பாடும்போது அது அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், நிஜ மான் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய லட்சியம். ஆனால் மூட்டுகள் பழைய கதவு மாதிரி கிறீச்சிட்டன. எங்கள் ஷாப்பில் தோல் மிருதுவாவதற்கு மீன் எண்ணெய் போடுவது வழக்கம். மேஸ்திரி மானின் பதினாறு மூட்டுகளையும் மூன்று நாள் மீன் எண்ணெயில் ஊற வைத்தார். சத்தம் அடியோடு நின்றது. ஷாப்பில் முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தோம். மானிடம் ஒரு குறையும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கொண்டுபோனோம். பச்சையம்மா அதே வண்டியில் பெண்கள் பெட்டியில் வந்தாள். எங்கள் பெட்டியில் எங்களுக்கு மரியாதை பிரமாதம். ஏறும்போது நிற்கக்கூட இடமில்லை. மானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக எழுந்து இடம் விட்டார்கள். குடியாத்தம் வருவதற்குள் பெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் மானும் மட்டும்தான். "கலைன்னா ஜனங்களுக்கு ஒரு இது இருக்கு ரைட்டரே" என்றார் மேஸ்திரி. காட்பாடியில் இறங்கி நாங்கள் ஏறிய ஜட்கா வண்டியின் குதிரை வழி முழுக்கத் தும்மிற்று. வண்டிக்காரர் துண்டால் முகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சித்திரை மாசத்துப் புழுதி என்று நினைத்துக்கொண்டோம்.

நாயுடு மானைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நாயுடு பெரிய பொடிப் பிரியர். விரலிடுக்கில் மூக்குப்பொடி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "பலே, பலே!" என்று இரண்டு நாசியிலும் அடைத்துக்கொண்டு, அன்றைய பகல் ஆட்டத்திலேயே மானை இறக்கிவிட உத்தரவு கொடுத்தார்.

சித்திரை வெயில், வேலூர், தகரக் கொட்டகை. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மேஸ்திரியும் நானும் பரண்மேல் குப்புறப் படுத்துக் கயிறுகளைப் பிடித்திருந்தோம். காட்டுக் காட்சி வந்தது. ராணி வேஷக்காரர் கன்னத்தில் கை வைத்துப் பாட ஆரம்பித்தார். மான் நடந்து வந்தது. கொட்டகையே "ஆ!" என்றது.

மான் பக்கத்தில் வந்ததும் ராணி முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது, நல்ல நடிப்பு என்று நினைத்தேன். முன்வரிசை நாற்காலிக்காரர்களும் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் அழுகிறார்கள் என்று பூரித்துப் போனேன். அப்போதுதான் படுதாவின் அடியில் ஒரு கறுப்பு மூக்கு நுழைந்தது. அதைத் தொடர்ந்து ஒரு நாய் நுழைந்தது. பின்னால் இன்னும் மூன்று நுழைந்தன.

பக்கத்துக் கறிக்கடைத் தெரு நாய்கள். அவற்றுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது.

"தூக்கு, தூக்கு!" என்றார் மேஸ்திரி. இருவரும் கயிற்றைச் சுண்டினோம். மான் ராணியின் தலைக்கு மேலே பறந்தது. நாய்கள் ராணியைச் சுற்றிவந்து குரைத்தன. இந்த இடத்தில் வேடன் வில்லோடு வர வேண்டும் என்பது கதை. வந்தார். நாய்களைப் பார்த்தார். வில்லைப் போட்டுவிட்டு, துணியில் எழுதிய ஆலமரத்தில் ஏறப் பார்த்தார். ஆலமரம் கிழிந்து, பின்னால் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த மந்திரி தெரிந்தார். வேடன் தன் நாய்களையே பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்து ஜனங்கள் விசில் அடித்தார்கள். ஒரு செவலை நாய் எம்பி மானின் பின்னங்காலைக் கவ்விற்று. நாங்கள் மேலே இழுத்தோம், அது கீழே இழுத்தது. அந்தக் கூச்சலுக்கு மேலே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஐயோ, வுடு! மான வுடு சனியனே!" கடைசியில் நாய் காலோடு போயிற்று. திரை விழுந்தது.

மேடைக்குப் பின்னால் நாயுடு குதித்தார். கலவரத்தில் பொடி டப்பா எங்கேயோ விழுந்துவிட, அவர் மூக்குத் திறந்துகொண்டது. "ஏமய்யா இது! மான் கேட்டா கருவாடு கொண்டாந்தியா? போ, போ!" என்றார்.

மேஸ்திரி மூன்று கால் மானை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். "உக்காரவே இல்ல ரைட்டரே. ஒரே ஒரு தபா உக்காந்திருந்தா போதும்" என்று மட்டும் சொன்னார். கரடியும் கழுகும் அடுப்பில் எரிவது என் கண்முன் தெரிந்தது.

பச்சையம்மா வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எட்டு வருசமா நாறுது நாறுதுன்னு கத்துறேனே, காதுல வுழுந்துச்சா?"

"திட்றேன்னு நெனச்சேன்" என்றார் மேஸ்திரி.

"திட்டலய்யா! நாறுச்சு!"

அவள் மானின் கடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அடுப்புல வெப்பேன்னு சொன்னேன். வெறும் வெறகுக் கட்டைன்னு நெனச்சுதான் சொன்னேன். அந்த நாயி கடிக்க சொல்ல எனக்குல்ல வலிச்சுது! இத்த எப்புடி எரிக்கிறது?" என்றாள். அழுதுவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது டிக்கெட் கொடுக்கிறவர் ஓடிவந்தார். அடுத்த ஞாயிறும் நாய் வருமா என்று வாசலில் கூட்டம் கேட்கிறதாம். நாயுடுவின் முகம் மாறிற்று. மேஸ்திரியின் தோளில் கை போட்டார். "சரி, வேலை உனக்குத்தான். அடுத்த ஆட்டமும் இப்படியே போடு. எண்ணெய் இன்னும் ஜாஸ்தியா போடு, நாய் நிறைய வரட்டும்."

கேட்ட வேலை கையில் வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். மேஸ்திரி ஆட்டவில்லை.

"நாயி வந்தா மான் உக்காராதுங்க" என்றார்.

"உக்காராட்டி என்ன? வேலை வேணுமா, வேணாமா?"

மேஸ்திரி பச்சையம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நாயி வேணும்னா தெருவுல புடிச்சுக்கோங்க. எங்க மானு உக்காரும். வந்து பாருங்க" என்றாள்.

அவள் 'எங்க மானு' என்று சொன்னதை நான் கவனித்தேன், மேஸ்திரியும் கவனித்தார்.

நாயுடு ஒரே ஒரு ஆட்டம் பார்க்கிறேன் என்றார். நாய் கேட்டு ஜனங்கள் கலாட்டா செய்தால் அதோடு சரி. அந்த ஒரு வாரம் பச்சையம்மாதான் மேஸ்திரி. மானைப் பிரித்துப் பூந்திக்கொட்டையில் அலசினாள், வேப்பிலை போட்டு வெயிலில் காய வைத்தாள், சாம்பிராணிப் புகை காட்டினாள். தினமும் முகர்ந்து பார்த்து "இன்னும் போவல" என்று தீர்ப்புச் சொன்னாள். மூட்டுகளுக்கு விளக்கெண்ணெய் அவளே போட்டாள். போன காலுக்குப் பதிலாக அவர் புதுக் கால் செய்தார்.

அடுத்த ஞாயிறு கொட்டகை கொள்ளவில்லை. அத்தனை பேரும் நாய் பார்க்க வந்தவர்கள். ராணி வாயைத் திறந்ததும், "நாய் எங்கேப்பா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, "நாயை வுடு! நாயை வுடு!" என்று கொட்டகையே கை தட்டிற்று. நாயுடு படுதா ஓரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். மேஸ்திரி கயிற்றை அசைத்தார்.

மான் வந்தது. நின்றது. கூச்சல் போடுகிற பக்கமாகத் தலையைத் திருப்பி, ஒரு காதை மட்டும் அசைத்தது. கைதட்டல் கொஞ்சம் தேய்ந்தது. பிறகு ராணியின் பக்கத்தில் வந்து, தரையை முகர்ந்து, வலது முன்னங்காலை மடக்கிற்று. இடதையும் மடக்கி ஒரு கணம் மண்டியிட்டபடி யோசித்தது. அதன் பிறகுதான் பின்பாகம் மெதுவாகச் சரிந்து தரையில் அமர்ந்தது. பெருமூச்சு விட்ட மாதிரி வயிறு ஒரு தரம் ஏறி இறங்கிற்று. அதற்கென்று அவர் தனிக் கயிறு வைத்திருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. ராணி வேஷக்காரர் பாட்டை மறந்து மானையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியில், தறி ஓட்டத்தையும் மீறிப் பேசிப் பழகிய அந்தக் குரல் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தது:

"முன்னங்காலுதான்யா!"

கொட்டகை முழுக்க அதற்குச் சிரித்தது, தட்டிற்று. பரண்மேல் மேஸ்திரி கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல், "பாத்துட்டா ரைட்டரே, பச்ச பாத்துட்டா" என்றார்.

கம்பெனியோடு அவர்கள் போய்விட்டார்கள். கரடி, கழுகு, நரி, முழுதாகத் தலை வைத்த கழுதை எல்லாம் சாமான் வண்டியில் ஏறின. பின்னால் பேசும் படம் வந்தது. ஒரு படத்தில், மாலை போட வந்த யானை அரசகுமாரி முன்னால் மண்டியிட்டது. அது மண்டியிட்ட அழகைப் பார்த்ததும் அது யார் கைவேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "யானை உக்காந்ததுக்கா சார் அழறீங்க?" என்று கேட்டார்.

ஆம்பூரை விட்டுப் போகும்போது மேஸ்திரி, ரயிலை நிறுத்திய அந்த ஆட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய அப்பா பதம் செய்த தோல், இன்றைக்கும் ஒரு மயிர் உதிரவில்லை. இதை எழுதும்போதுகூட என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் மலைப்பக்கம் பார்ப்பது மாதிரி நிற்கிறது. மழைக்காலம் வந்தால் அது நாறுகிறது என்று என் மனைவி சொல்கிறாள். தோல் ஷாப்பில் இருந்த மூக்கு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். உண்மையில் ஊரை விட்டு வந்த இரண்டாம் வருஷமே என் மூக்குத் திரும்பி வந்துவிட்டது. அதை அவளிடம் சொன்னால் ஆட்டை வெளியே வைக்க வேண்டி வருமே.